நெறிப்படுத்தற் கல்வியும் நடத்தல் என்னும் இலட்சியமும்: ஒரு மதிப்பீடு

மூளைவாதம் முதலிய நரம்பியற் குறைபாடுகளையுடைய குழந்தையை நோயாளியாகக் கொள்வதா, மாணவனாகக் கொள்வதா என்ற வினாவுக்கு, மாணவனாகவே எனத் திட்டவட்டமாக விடையிறுத்தது ஹங்கேரியிலே தோன்றிய நெறிப்படுத்தற் கல்வியாகும். மருத்துவர் அன்ட்ராஸ் பெத்தோ (1893-1967) 1945இல் புடாபெஸ்ற் நகரில் இப்பணியைத் தொடங்கினார். 1950இல் அரச நிறுவனமாகிய அது 1963இல் சுகாதாரத் துறையிலிருந்து கல்வித் துறைக்கு மாற்றப்பட்டது. இதனை வெறும் நிருவாக மாற்றமாக நாம் கருதுதல் பொருந்தாது. இயக்கக் குறைபாடு கற்றலின் வழியே அணுகப்படவேண்டியது என்ற கோட்பாட்டின் வெளிப்பாடு அது.

இம்முறையில் உடற்பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், ஆசிரியர் எனப் பலர் குழந்தையைக் கூறுபோடுவதில்லை. நெறிப்படுத்துநர் ஒருவரே அனைத்தையும் இணைக்கின்றார். குழந்தைகள் குழுவாகப் பயில்வர். சட்டங்கள் பொருத்திய மரக்கட்டிலும் ஏணிவடிவ முதுகுடைய கதிரையுமே முதன்மையான உபகரணங்கள். ‘கையை உயர்த்துகிறேன்’ என்று குழந்தை தானே கூறி, ஒன்று முதல் ஐந்துவரை எண்ணியவாறு அச்செயலை முயல்கின்றது. பிறர் அசைக்கும் உடலாக அன்றித் தானே எண்ணிச் செயற்படும் ஆளாகக் குழந்தை இங்கு மதிக்கப்படுகின்றமை இம்முறையின் மெய்யான சாதனை எனலாம்.

எனினும் சாதனையையும் புகழையும் நாம் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். 1986இல் பி.பி.சி. ஒளிபரப்பிய விவரணப் படமொன்றைத் தொடர்ந்து பிரித்தானியப் பெற்றோர் பலர் புடாபெஸ்ற்றை நாடினர். அதே ஆண்டில் பேர்மிங்ஹாமிலும் இதற்கென ஓர் அமைப்பு உருவாயிற்று. ஆனால் அங்கு நடத்தப்பெற்று 1993இல் வெளியான மதிப்பீடு, ஏனைய சிறப்புப் பாடசாலைப் பிள்ளைகளிலும் இக்குழந்தைகள் கூடுதலாக முன்னேறினர் என்பதற்குச் சான்று காணவில்லை. 2004இல் அமெரிக்க மருத்துவக் கழகமொன்றின் சார்பில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பும் சார்பாகவோ எதிராகவோ முடிவுகூறப் போதிய சான்றில்லை என்றே கண்டது. முழு ஆளுமையின் வளர்ச்சியை அளவுகோல்களால் அளக்கவியலாது என ஆதரவாளர் வாதிடுவர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயின் வீட்டை ஈடுவைத்துப் பிறநாடு செல்லும் பெற்றோருக்கு அவ்வாதம் விடையாகாது.

இதனினும் அடிப்படையான கண்டனத்தை 1989இல் முன்வைத்தவர், சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய சமூகவியலாளர் மைக்கல் ஒலிவர். நடத்தலையே இலட்சியமாக்கும் இம்முயற்சி, குறைபாடுடையோரை ‘இயல்பானோர்’ போல ஆக்கும் கருத்தியலுக்குத் துணைபோகின்றது என்பது அவரது வாதம். இவ்விடத்து வரலாற்றுச் சூழல் நோக்கற்பாலது. அக்கால ஹங்கேரியில் நடக்கவியலாத குழந்தைக்குப் பொதுப் பாடசாலையின் வாயில் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. ஆகவே ஆங்கு நடத்தல் என்பது கல்விக்குரிய நுழைவுச்சீட்டாயிற்று. பெத்தோவும் அவருக்குப்பின் நிறுவனத்தை வழிநடத்திய மரியா ஹாரியும் அந்த வாயிலுக்கேற்பக் குழந்தையை ஆயத்தஞ்செய்தனர். வாயிலை அகலமாக்கும் கேள்வி அவர்களது முறையியலுக்குள் இடம்பெறவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஹங்கேரி 2007இல் ஏற்றுறுதி செய்தது. பாடசாலையே குழந்தைக்கேற்ப மாறவேண்டும் என்பது அதன் சாரம். இந்நிலையில் நெறிப்படுத்தற் கல்வியை முற்றாகத் தள்ளுவதும் அற்புதமாகப் போற்றுவதும் ஒருங்கே தவறாகும். குழந்தையின் முனைப்பை மதிக்கும் அதன் கற்பித்தல் நெறியை நாம் ஏற்கலாம். நடக்கும் குழந்தைக்கே கல்வி என்ற நிபந்தனையை எவ்வடிவத்திலும் ஏற்றல் இயலாது.