முதுகில் ஏறிய டிராகன்

ஜப்பானிய இளைஞர்களின் தெரு உடை என்று பேச்செடுத்தால், ஹராஜுகுவின் கொசுவம் வைத்த பாவாடைகளும் சாயம் ஏற்றிய தலைமுடியும்தான் முதலில் நினைவுக்கு வரும். கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: எல்லாம் மேற்கைப் பார்த்து எடுத்த நகல். 1964இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் போல உடுத்தித் திரிந்த பையன்களை, ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் போலீஸார் வளைத்துப் பிடித்ததையும் இதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். கடன் வாங்கினார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாங்கிய பொருள் அவர்கள் கையில் என்னவாக மாறியது என்று பார்க்காதவரை அந்தத் தீர்ப்பு அரைகுறைதான். பார்ப்பதற்குச் சுகாஜானைவிடப் பொருத்தமான உடுப்பு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர், ஊருக்கு எடுத்துப்போக நினைவுப்பொருள் தேடினார்கள். அவர்களுக்காகத் தைத்த ஜாக்கெட்தான் சுகாஜான். அவர்களுக்குப் பழக்கமான பேஸ்பால் ஜாக்கெட்டின் வெட்டு அதில் அப்படியே இருந்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பின்னல் பட்டை, முன்னால் ஜிப். முதுகில் மட்டும் பூவேலையில் டிராகன், புலி, கழுகு, ஃபுஜி மலை. கூடவே ஆங்கில எழுத்தில் ‘ஜப்பான்’. பட்டு எளிதில் கிடைக்காத காலம் என்பதால் பட்டுபோல மினுங்கும் அசிடேட் துணியில் தைத்தார்கள். பெரிய கடற்படைத் தளம் இருந்த யோகோசுகாவின் டோபுயிதா தெருவோடு இந்த உடுப்பு ஒட்டிக்கொண்டது. ‘யோகோசுகா ஜம்பர்’ என்பது சுருங்கித்தான் சுகாஜான் ஆனது என்பார்கள். அந்த முதுகில் தெரிவது சிப்பாய் வாங்க விரும்பிய ஜப்பான். பக்கத்திலேயே அமெரிக்கக் கழுகும் சிறகு விரித்து நிற்கும். பிறகு அதே ஊர்ப் பையன்கள் இதை அமெரிக்க மிடுக்கு என்று எண்ணி மாட்டிக்கொண்டார்கள். வாங்கிப்போனவனுக்கு அது ஜப்பான்; யோகோசுகாப் பையனுக்கு அது அமெரிக்கா. நகல் என்றால், எதன் நகல்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடம் துணிக்கு அருகில்தான். பூவேலையில் பெரும்பங்கு குன்மா மாகாணத்தின் கிரியூவிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் நடந்தது. தலைமுறைகளாகப் பட்டு நெய்து, கிமோனோத் துணி பழகிய ஊர்கள். ‘யோகோபுரி’ என்னும் அங்குள்ள மிஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம் கிடையாது. ஊசி ஏறி இறங்குவதோடு இடமும் வலமும் ஆடும். எவ்வளவு அகலம் ஆடலாம் என்பதை வேலை செய்பவர் முழங்காலால் ஒரு நெம்புகோலை அழுத்தித் தீர்மானிக்கிறார். இரண்டு கைகளும் துணியை ஓயாமல் நகர்த்துகின்றன. டிராகனின் ஒரு செதிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் அகலமாகத் தொடங்கும் நூல் நுனியில் மயிரிழையாக ஒடுங்கும். அதன்மேல் சற்று வெளிறிய இன்னொரு நூல், முந்தைய தையலின் இடைவெளியில் புகுந்து படியும். வெளிச்சம் பட்டால் நூலின் சாய்வுக்கேற்ப ஒவ்வொரு செதிலும் ஒவ்வொரு விதமாக மினுங்கும். உடுத்தவர் நடக்கும்போது டிராகன் நெளிவதுபோல் இருக்கும். கம்ப்யூட்டர் மிஷின் போட்ட டிராகனில் எல்லாச் செதிலும் ஒரே அச்சு. பிழை இருக்காது, நெளிவும் இருக்காது. நாலு காசுக்கு விற்கும் நினைவுப்பொருள்தானே என்று கை அசந்துவிடவில்லை என்பதுதான் என்னை இந்த உடுப்பின் முன் நிறுத்திவைக்கிறது. வெட்டு கடன், அந்த முழங்காலின் அழுத்தம் கடன் அல்ல.

தோற்ற நாட்டின் பிள்ளைகள், ஆக்கிரமித்த படைக்காகத் தைத்த உடுப்பை அணிவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வலியை மறைத்துக்கொண்டு யாரும் இதை அணியவில்லை. 1961இல் ஷோஹெய் இமாமுரா யோகோசுகாவைக் களமாக வைத்து எடுத்த ‘பன்றிகளும் போர்க்கப்பல்களும்’ படத்தில், தளத்தின் எச்சிலை நம்பிப் பிழைக்கும் சில்லறை ரவுடிப் பையன் அணிவது சுகாஜானைத்தான். மினுமினுப்பும் அவமானமும் ஒரே முதுகில் இருப்பதை அந்தப் படம் ஒளிக்கவில்லை. பின்னாளில் பள்ளிக்கு அடங்காத முரட்டுப் பிள்ளைகளின் உடுப்பு என்ற கெட்ட பெயரும் இதற்கு வந்தது. கெட்ட பெயர் வந்ததாலேயே அது நினைவுப்பொருள் என்ற நிலையிலிருந்து விடுபட்டது என்பேன். சுற்றுலாப் பயணியின் பெட்டியில் மடிந்து கிடக்கும் துணியைக் கண்டு எந்த ஆசிரியரும் முகம் சுளிக்கப்போவதில்லை. தெருமுனையில் நிற்பவன் முதுகில் இருந்தால்தான் சுளிப்பார்.

இப்போது பாரிஸின் பெரிய நிறுவனங்களும் இந்த வெட்டில் ஜாக்கெட் போடுகின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அங்கே விலை ஏறுவது பெயர்ச்சீட்டுக்கு. பழைய சுகாஜான்கள் பலவும் இரண்டு பக்கமும் உடுத்தும்படி தைக்கப்பட்டவை: ஒரு பக்கம் பகட்டான டிராகன், திருப்பினால் அடக்கமான நிறத்தில் வேறொரு படம். எந்தப் பக்கத்தை வெளியே காட்டுவது என்பதை அன்றன்று காலையில் உடுத்துகிறவரே முடிவு செய்துகொள்ளலாம்.