சந்தின் அழகும் சாயத்தின் நிறமும்

நம் குடும்பங்களின் பழைய புகைப்படத் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். நிக்காஹ் முடிந்த மாப்பிள்ளை, பட்டம் பெற்ற மகன், ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியவர் என எல்லாரும் ஸ்டூடியோவின் வர்ணத் திரைக்கு முன்னேதான் நிற்பார்கள். திரையில் ஏரி இருக்கும். மாளிகைப் படிக்கட்டு இருக்கும். அவர்கள் பிறந்து வளர்ந்த சந்து மட்டும் இராது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தோலால் பிழைத்த குடும்பங்கள், தோல் காய்ந்த தெருவைப் படத்தில் காட்ட நாணின.

அந்தத் தெருவைப் பின்னாளில் படம் பிடித்தவர்கள் பெரும்பாலும் செய்தியாளர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நுரை மிதக்கும் பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், இந்நிலப்பகுதியின் பெயரைச் சொன்னாலே அந்தப் படந்தான் பலர் நினைவில் எழுந்தது. நாம் நாணத்தால் மறைத்தோம். அவர்கள் சாட்சியத்திற்காக எடுத்தார்கள். மனிதர் வாழ்ந்த இடமாக அச்சந்து படத்தில் ஏறியது அரிது.

பிற நாடுகளில் இக்குறையைத் தெருப் புகைப்படக் கலை ஓரளவு தீர்த்திருக்கிறது. இஸ்தான்புல்லின் ஆரா கூலரை (1928–2018) எடுத்துக்கொள்வோம். 1950களிலும் 60களிலும் அவர் எடுத்த படங்களில் அரண்மனைகளைவிட ஈரம் படிந்த சந்துகளும், சுமைதூக்கிகளும், படகுத் துறைப் புகையுமே நெஞ்சில் நிற்கின்றன. ஓரான் பாமுக் 2003இல் வெளியிட்ட தம் நகர நினைவு நூலில் அப்படங்கள் பல இடம் பெற்றன. கூலரோ, தம்மைக் கலைஞர் என்று பிறர் அழைப்பதை விரும்பாதவர். அவருடைய படங்களில் அழகு தேடிப்போன அடையாளம் இல்லை. அழகு தானே வந்து நிற்கிறது.

ஆனால் நம் தொழிலுக்கு நெருங்கிய படங்கள் வேறோர் ஊரில் எடுக்கப்படுகின்றன. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் ஷுவாரா என்னும் பழைய தோல் பதனிடும் களம் உண்டு. தேன்கூடு போல் அடுக்கிய கல்தொட்டிகள். வெள்ளைச் சுண்ணாம்பு, மஞ்சள், செம்பழுப்பு. சுற்றுலா வருவோர் அதைச் சூழ்ந்த கடைகளின் மாடியிலிருந்து பார்ப்பார்கள். நாற்றம் தாளாமல் போகுமே என்று கடைக்காரர் ஒரு கொத்துப் புதினாவைக் கையில் கொடுப்பார். அதை மூக்கருகே வைத்துக்கொண்டு படம் எடுப்பார்கள். எண்ணற்ற படங்கள், ஏறத்தாழ எல்லாம் மேலிருந்து எடுத்தவை. தொட்டிகள் ஓவியனின் வண்ணப் பெட்டி போலத் தோன்றும். இடுப்பளவு நீரில் நிற்கும் மனிதர் ஒரு புள்ளி. புதினா செய்யும் வேலையைக் கேமரா கூலியின்றிச் செய்துவிடுகிறது.

நம் பக்கத்துச் சந்துகளுக்கும் இந்த அபாயம் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தில் இங்கே தோலின் நிறம் மஞ்சளும் பழுப்பும். அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை அரசு 1970களில் கட்டுப்படுத்தியது. குரோமியப் பதனிடுதல் பெருகியது. ஈரத் தோலுக்கு நீலம் வந்தது. வண்டியில் அடுக்கிய அந்த நீலத்தை மாலை வெயிலில் கண்டால் எந்தப் புகைப்படக்காரனும் நின்றுவிடுவான். நானும் நின்றிருக்கிறேன். நின்ற கண்ணைப் பழிப்பதற்கில்லை. எனினும் அந்த நீலம் வெறும் நிறமன்று. ஒரு தொழில் மாறிய கதையும், பல கிணறுகள் கெட்ட கதையும் அதிலே உண்டு. அவற்றில் எதையும் சொல்லாமல் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற படம் எனக்கு அலங்காரமாகவே படுகிறது.

வறுமையையும் நுகர்பொருளாக்கிவிட்டது புகைப்படம் என்று வால்டர் பெஞ்சமின் 1934லேயே குறைப்பட்டார். சல்காடோவின் படங்கள் மீதும் 1991இல் இதே குற்றம் சாட்டப்பட்டது. ஆகவே அழகே கூடாது என்போரும் உளர். அவர்களோடு நான் உடன்படேன். உழைப்பவன் முகத்தில் ஒளி விழுந்தால் அதை ஏன் மங்கவைக்க வேண்டும்? படம் எடுத்தவன் எங்கே நின்றான் என்பதே நான் கேட்கும் கேள்வி.

மதுரையில் பிறந்த எம். பழனிகுமாரின் படங்கள் இதற்கு நல்ல விடை. தாயார் மீன் விற்றவர். தூய்மைப் பணியாளர்களையும், இராமநாதபுரக் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும் பல்லாண்டுகள் எடுத்தவர்; 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். மாடியிலிருந்து எடுத்த பார்வை அவரிடம் இல்லை. எதிரே உட்கார்ந்து, பேசி, பிறகு எடுத்த படங்கள் என்று பார்த்தவுடனே தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் பிரெஞ்சுத் தலைப்பே, மறைவாக அவசரமாய் எடுத்த படங்கள் என்னும் பொருள்படும். அறியாத நொடியைப் பிடிப்பதே இக்கலையின் உயிர் என்பர். ஆம்பூர்ச் சந்துகளிலோ பெண்கள் வாசலிலும் திண்ணையிலும் அமர்ந்து காலணியின் மேற்பாகங்களை ஊசியால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி. அச்சந்து தெருவா, வீட்டின் முற்றமா? அனுமதி பெற்று, ஸலாம் கூறியே பிறர் இல்லம் புகவேண்டும் என்று திருமறையின் நூர் அத்தியாயம் பணிக்கிறது. திண்ணைக்கும் அது பொருந்தும் என்பதே என் எண்ணம். கேட்டு எடுத்தால் படம் சற்றுக் கெடத்தான் செய்யும். முக்காடு சரிசெய்யப்படும், ஊசி ஒரு கணம் நிற்கும். கெடட்டும். அந்தச் சரிசெய்த முக்காட்டிலும் ஒரு மனுஷி தெரிகிறாள்.

கறை படிந்த சுவர்களின் படங்களைச் சிலர் விரும்பி எடுக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுச் சேற்றைத் தாங்கியிருந்த சுவரொன்று இடிந்தது. அடுத்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சேறு பாய்ந்து பத்துப் பேர் மாண்டனர்; பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இடிந்த சுவரின் படங்களை மறுநாள் எல்லாரும் பார்த்தோம். அதற்கு முந்திய மாலைகளில் அம்மனிதர்கள் ஏதோ ஒரு தேநீர்க் கடை வாசலில் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அப்படியொரு படத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.