சொட்டும் வால்வை அடைக்க வேண்டாம்

வாகரையில் சுடுநீர் எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழி விடியலில் வாடைக்காற்று அடிக்கும்போது கிணற்றடியில் நின்று பார்க்க வேண்டும். முழங்கால் வலியோடு இருக்கும் என் மாமிக்கு அது மருந்து. அவர் வீட்டில் இருப்பது 50 லீற்றர் திறந்த வகைக் கலன். அடுத்த வளவில் மச்சான் நடத்தும் விடுதியில் அதே கொள்ளளவில் மூடிய கலன். ஒரு வாரம் இரண்டையும் மாறி மாறிப் பாவித்தேன்.

குளிக்கிற சுகத்தில் மூடியதுதான் மேல். பம்பின் வேகம் குறையாமல் ஷவருக்கு வருகிறது. மாமி வீட்டில் கூரைத் தாங்கியின் உயரம் தருகிற வேகம் மட்டும்தான். வாளி நிறைய நேரம் எடுக்கும். ஆனால் என் கேள்வி வேறு. தெர்மோஸ்டாட் பழுதாகி, எலிமென்ட் ஓயாமல் சூடாக்கிக்கொண்டே இருந்தால்?

மாமியின் கலன் உச்சியிலிருந்து ஒரு குழாய் தாங்கியின் நீர்மட்டத்துக்கும் மேலே ஏறி, வளைந்து, தாங்கிக்குள் வாய்திறந்து நிற்கிறது. இடையில் எந்த வால்வும் இல்லை. தண்ணீர் கொதித்தாலும் ஆவி அந்த வழியே போய்விடும், அழுத்தம் ஏறாது.

விடுதிக் கலனுக்குள் தண்ணீர் போகும் இடத்தில், திரும்பி வரவிடாத வால்வு இருக்கிறது. சூடேறிப் பெருகும் நீருக்கு 8 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்றே வழி. அதன் வாயில் ஒரு அடைப்பான் இறுக்கப்பட்டிருந்தது!

"சொட்டுது எண்டு போன மாசம் அடைச்சுட்டன்" என்றான் மச்சான்.

உடனே மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, அடைப்பானைக் கழற்றினோம். பிறகு வால்வின் கீழே சாடி வைத்து, 25 பாகையிலிருந்து 65 பாகை வரை சூடாக்கினேன். ஏறத்தாழ முக்கால் லீற்றர் சொட்டிச் சேர்ந்தது. 50 லீற்றர் அவ்வளவுதான் பெருக வேண்டும். ஆக, அந்தச் சொட்டு ஒழுக்கு அல்ல. வால்வு தன் வேலையைச் செய்கிறது.

அடைத்தே விட்டிருந்து தெர்மோஸ்டாட்டும் கைவிட்டால், 8 பார் அழுத்தத்தில் தண்ணீர் 170 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். கலன் வெடிக்கிற கணத்தில் அதில் ஏழில் ஒரு பங்கு ஆவியாகும். ஒரு குளியலறையை நிரப்பி மிஞ்சும் ஆவி அது. பம்ப் இல்லை, தாங்கித் தண்ணீர்தானே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. திரும்பவிடாத வால்வு இருந்தால் அதுவும் மூடிய கலன்தான். இங்கிலாந்தில் 1980களின் நடுப்பகுதி வரை வீடுகளில் மூடிய கலனுக்கு அனுமதியே இல்லை.

அதற்காகத் திறந்த வகையைக் கண்ணை மூடி நம்பவும் கூடாது. 2006இல் இங்கிலாந்தின் டோன்டனில் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் திறந்த குழாய் வழியே கூரைத் தாங்கிக்கு ஏறியது. பிளாஸ்டிக் இளகித் தாங்கி சரிந்து, கீழே உறங்கிய குழந்தை இறந்தது. நம் கூரைகளிலும் பிளாஸ்டிக் தாங்கிகள்தான். எனவே எந்த வகையானாலும், அளவு மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டித்து, கையால் அழுத்தினால் மட்டுமே மீளும் இரண்டாவது கட் அவுட் இருக்க வேண்டும். மாமி வீட்டில் அது இல்லை, பூட்டச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு என் தெரிவு திறந்த வகை. களப்புக்கும் கடலுக்கும் நடுவே உள்ள கிணறுகளில் உவர்ப்பேறினால் வால்வில் காறை படிந்து இறுகும். திறந்த குழாயில் அப்படி இறுகுவதற்கு ஒன்றும் இல்லை. விடுதிக்கு வேகம் தேவை, மூடியது இருக்கட்டும். வால்வின் வாயிலிருந்து வெளிச் சுவர் வரை சரிவாகச் செப்புக் குழாய் இழுத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை வால்வின் பிடியைத் தூக்கி, தண்ணீர் பாய்கிறதா என்று மச்சான் பார்க்கிறான்.