கபாலியின் கடைசிக் காட்சி யாருடையது?

2016 ஜூலை 22 அன்று 'கபாலி' திரைப்படம் வெளியானது. கிள்ளானில் பார்த்தவர்களும் சென்னையில் பார்த்தவர்களும் ஒரே முடிவைப் பார்க்கவில்லை. சென்னையில், டைகர் என்ற இளைஞன் துப்பாக்கியோடு நாயகன் கபாலியை நெருங்குகிறான், திரை இருள்கிறது, ஒரு வெடிச்சத்தம். செத்தாரா பிழைத்தாரா என்று இயக்குநர் பா. இரஞ்சித் சொல்லவில்லை. இங்கே மலேசியாவில் மட்டும், கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று திரையில் எழுத்துப் போட்டு முடித்தார்கள். தணிக்கைதான் காரணம் என்று அப்போது பேசப்பட்டது.

ஒரு படைப்பின் முடிவை மாற்றச் சொல்ல இரசிகருக்கு உரிமை உண்டா என்பதை எடைபோட எனக்கு இந்த இரண்டு முடிவுகளும் உதவுகின்றன.

இரசிகர் தரப்பின் மிக வலுவான வழக்கு வீடியோ கேமிலிருந்து வந்தது. 'மாஸ் எஃபெக்ட்' மூன்று பாகங்கள். முதல் பாகத்தில் எடுத்த முடிவு மூன்றாம் பாகம் வரை தொடரும். ஆடுபவர் அந்தக் கதையில் பாதி ஆசிரியர். 2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வந்தபோது, முடிவுகள் வெளிச்சத்தின் நிறத்தில்தான் பெரிதும் வேறுபட்டன என்று இரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. முடிவுகளை ஏ, பி, சி என்று எண்ணிவிட முடியாது என வெளியீட்டுக்கு முன்பே அதன் இயக்குநர் கேசி ஹட்சன் சொல்லியிருந்தார். இரசிகர்கள் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றுக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்துத் தங்கள் குரலைக் கேட்க வைத்தார்கள்.

ஆனால் வாக்கு மீறல் என்பது வியாபார வழக்கு. தவறான விளம்பரத்தை நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. அதற்குப் பரிகாரமாகக் கொடுத்த ரிங்கிட்டைத் திருப்பிக் கேட்கலாம். வேறொரு முடிவை எழுதித் தரச் சொல்லும் உரிமை அதிலிருந்து எப்படிப் பிறக்கும்?

அந்தக் கேமை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் அந்த ஜூனில் செய்தது கவனிக்க வேண்டியது. முடிவை எடுத்தெறியவில்லை, விளக்கக் காட்சிகளைச் சேர்த்து இலவசமாகக் கொடுத்தது. எழுத்தாளர் கல்கி இதை ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார். 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' சட்டென்று முடிந்ததாக வாசகர்கள் குறைப்பட்டபோது, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று முடிவுரையில் பதில் சொன்னார். கதையை மாற்றவில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸ் உயிர்த்து வரவில்லையா என்று கேட்பார்கள். வந்தார். 1893இல் வெளிவந்த கதையில் அருவியில் விழுந்தவரை 1903இல் கோனன் டாயில் திரும்பக் கொண்டுவந்தார். அதற்காக அந்தப் பழைய கதையை அவர் அழிக்கவில்லை, மேற்கொண்டு எழுதினார். வாசகர் நச்சரிப்பால் நமக்கு நல்ல கதைகள் கிடைத்தன என்பதையும் நான் மறுக்கமாட்டேன்.

ஆகவே என் தீர்ப்பு இது: திட்டலாம், விளக்கம் கேட்கலாம், இன்னொரு பாகம் கேட்கலாம், ஏமாற்றப்பட்டால் பணத்தையும் கேட்கலாம். இருக்கும் முடிவை எடுத்துவிட்டு வேறொன்றை வை என்று கேட்கும் உரிமை இரசிகருக்கு இல்லை. இரசிகருக்கே இல்லாதது தணிக்கைக்கு இன்னும் இல்லை.

மறுப்பு ஒன்று உண்டு, அதை நான் லேசாகத் தள்ளவில்லை. குண்டர் கும்பலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் நம்மிடையே உண்டு. துப்பாக்கி ஏந்திய ஒருவன் நாயகனாக நிற்கும் படம் சட்டத்துக்குப் பணிந்து முடிந்தால்தான் என்ன என்று அந்த வீட்டுத் தாய் ஒருவர் கேட்டால், அவர் கவலை உண்மையானது. ஆனால் அந்த எழுத்து அவருக்கு என்ன செய்தது? டைகர் வெளியாள் அல்ல. கபாலி தூக்கிவிட நினைத்த பள்ளியின் பையன். கபாலி காப்பாற்றப் பார்த்தவனே ஏன் அவரைச் சுட வந்தான் என்பதுதான் அந்த இருட்டு கேட்ட கேள்வி. தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றிய கேள்வி அது. சென்னையில் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து போனார்கள். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும், யாரைப் பற்றிக் கேட்கப்பட்டதோ அவர்களுக்கு முன்னால், சரணடைந்தார் என்ற ஒற்றை வரி வந்து நின்றது.