டாங்கோ: அந்நியரின் அரவணைப்பு

1914 சனவரியில் பாரிசுப் பேராயர் கர்தினால் அமெத் டாங்கோ நடனத்தைக் கண்டித்தார். அந்த அயல்நாட்டு ஆட்டம் ஒழுக்கத்திற்கு ஊறு செய்வது. மனச்சான்றுள்ள கிறிஸ்தவர் அதில் பங்கேற்கலாகாது என்பது அவரது தீர்ப்பு. நூறாண்டு கழித்து, 2014 டிசம்பர் 17 அன்று, திருத்தந்தை பிரான்சிஸின் 78-ஆம் பிறந்தநாளில், புனித பேதுரு சதுக்கத்தின் அருகே பலர் இணை இணையாக டாங்கோ ஆடி அவரை வாழ்த்தினர். இளமையில் தாமும் ஆடியதை அவர் மறைத்ததில்லை.

திருச்சபை தளர்ந்துவிட்டது என்பது இதற்கு எளிய விளக்கம். அதை நான் ஏற்பதற்கில்லை. கர்தினாலின் கண்முன் இருந்தவை பாரிசுச் செல்வர்களின் விருந்துக் கூடங்கள். ஆட்டம் பிறந்த இடமோ வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ரியோ தெ லா பிளாத்தா ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள புவேனோஸ் அயிரேஸ், மொண்டேவிடேயோ துறைமுகச் சேரிகளில் டாங்கோ உருவாயிற்று. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் கண்டோம்பே, கியூபாவின் அபனேரா, நாட்டுப்புற மிலோங்கா ஆகியவை அதில் கலந்தன. 1914-இல் புவேனோஸ் அயிரேஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெரும்பாலும் இத்தாலியர், ஸ்பானியர். பெண்களைவிட ஆண்கள் மிகுதி. விலைமகளிர் இல்லங்களிலும் டாங்கோ ஒலித்தது; அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆயினும் தாயையும் ஊரையும் கடலுக்கப்பால் விட்டுவந்தவனுக்கு, ஒரு பாட்டின் நேரமாவது இன்னொரு மனிதரின் தோள் கிடைத்தது. அதன் பெருமூச்சாக ஒலிக்கும் பண்டோனியன், ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த துருத்திக் கருவி. அதுவும் குடியேறியதுதான்!

எழுத்தாளர் போர்ஹெஸுக்குத் தொடக்ககால டாங்கோவின் முரட்டு வீரமே உவப்பு. கார்லோஸ் கார்தெல் 1917-இல் 'மி நோச்சே திரிஸ்தே' பாடியதிலிருந்து வளர்ந்த கண்ணீர்ப் பாட்டுகளை அவர் விரும்பவில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. கைவிட்டுப் போனவள்மீதே பழியனைத்தையும் சுமத்தும் அப்பாடல்கள் பலவற்றில் தன்னிரக்கம் வழிகிறது. ஆனால் வேரறுந்தவனின் அழுகையைக் கோழைத்தனமென்று தள்ளுவது, ஊன்றி வாழ்ந்தவரின் ரசனை.

1983-இல் பாரிசில் அரங்கேறிய 'டாங்கோ அர்ஹென்டினோ' இக்கலைக்கு மீண்டும் உலகப் புகழ் தந்தது. அதன் வழிவந்த மேடை ஆட்டங்களின் காலெறிதலும் தோள்மேல் தூக்கலும் என்னை ஈர்ப்பதில்லை. அவை பார்ப்பவருக்கானவை. மிலோங்கா எனப்படும் ஆட்டக்கூடங்களில் பார்வையாளருக்கு அதிக வேலையில்லை. அங்கே ஆடவன் தொலைவிலிருந்தே கண்ணால் அழைக்கிறான். பெண் விரும்பாவிடில் பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள், யாருக்கும் அவமானமில்லை. மனப்பாடமான அடிவைப்பு கிடையாது. ஒருவர் மார்பின் அசைவை மற்றவர் கேட்டறிந்தே அடுத்த அடி பிறக்கிறது. மூன்று நான்கு பாடல்கள் முடிந்ததும் நன்றி கூறிப் பிரிகின்றனர். பெயர்கூடத் தெரியாமற் போகலாம். கர்தினால் அஞ்சிய நெருக்கத்தில் இத்தனை கட்டுப்பாடு இருந்தது.

2009-இல் யுனெஸ்கோ டாங்கோவை மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. கூடங்களோ தம் பழைய வழக்கத்தைத் தொடர்கின்றன. இரவின் இறுதியில் 'லா கும்பர்சித்தா' ஒலிக்கும். மொண்டேவிடேயோ மாணவர் ஒருவர் திருவிழா அணிவகுப்புக்கென இயற்றிய மெட்டு அது. அதைக் கேட்டதும், அதுவரை சுவரோரம் அமர்ந்திருந்த முதியோரும் எழுந்துவிடுகின்றனர்.