கூந்தலின் கருமை

பிலிமில் கல்யாணம் எடுப்பவருக்குப் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். டிஜிட்டல் கேமராவில் ஒளி குறைந்தால் ஒளியை உணரும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நிறம் பிசகினால் பிறகு திருத்தலாம். பிலிமில் வேகமும் நிறமும் சுருளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கடல் கடந்து போகிறவர், இன்னும் கண்ணால் காணாத ஒரு மண்டபத்தின் வெளிச்சத்தை இங்கிருந்தே கணித்து, அதற்கேற்ற ரோல்களைப் பையில் அடுக்க வேண்டும். அந்தக் கணிப்பை நான் இந்தக் கலையின் முதல் அழகாகக் கருதுகிறேன்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு ஒரு தமிழ்க் கல்யாணம் எடுக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். ஜார்ஜ் டவுனில், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பூக்கடையும் புடவைக்கடையும் நம்மூர் போலவே இருக்கும். கடிகாரம் மட்டும் வேறு. தீபகற்ப மலேசியா 1982 முதல் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முந்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. பினாங்கு அதன் மேற்கு ஓரத்தில் இருப்பதால், அங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியைத் தாண்டித்தான் சூரியன் எழும். மதியம் ஒரு மணிக்கு மேல்தான் உச்சிக்கு வரும். சென்னையில் ஏழரை மணி முகூர்த்தம் என்றால் வாசல் முழுக்க வெயில். பினாங்கில் அதே ஏழரைக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். மேகம் மூடிய காலையில் கோயிலுக்குள் 160 வேக பிலிமை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாலி கட்டும் நேரத்துக்கு கோடக் போர்ட்ரா 800 வேண்டும்; அதன் பிறகு வெளியே வந்ததும் 400.

போர்ட்ரா வரிசை 1998இல் வந்தது. இன்று நாம் வாங்கும் 400, முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு வகைகளுக்குப் பதிலாக 2010இல் வந்த ஒரே பிலிம். மாநிற மாப்பிள்ளையின் முகத்தையும் அவர் கட்டியிருக்கும் வெள்ளைப் பட்டு வேட்டியையும் ஒரே சட்டகத்தில் இரண்டுக்கும் குறையில்லாமல் காட்டுவதுதான் அதன் பெருமை. அனுபவப்பட்டவர்கள் 400 என்று அச்சிட்ட பிலிமை 200 என்று எண்ணி எடுப்பார்கள். ஒளி அதிகமானால் கலர் நெகடிவ் பொறுத்துக்கொள்ளும். குறைந்தால் நிழலில் எதுவும் பதியாது. பதியாததை எந்த லேபும் கழுவி எடுத்துவிட முடியாது. எக்டார் 100 அரக்குப் புடவையை அள்ளிக்கொடுக்கும், ஆனால் முகத்தையும் சேர்த்துச் சிவக்க வைக்கும்; புடவைக்கும் நகைக்கும் அதை வைத்துக்கொள்ளலாம், பெண்ணுக்கு வேண்டாம். டியூப் லைட்டின் பச்சையும் குண்டு பல்பின் மஞ்சளும் ஒரே கன்னத்தில் விழும் அலங்கார அறைக்கு இல்ஃபோர்டு எச்பி5 கறுப்பு வெள்ளை. மாலை வரவேற்புக்கு சினிஸ்டில் 800டி: சினிமா பிலிமின் பின்பூச்சை நீக்கிச் செய்த அதில், விளக்குகளைச் சுற்றிச் செவ்வொளி கசியும். அந்தக் கசிவை விரும்புகிறவர் மட்டும் எடுத்துப் போகலாம்.

வகை இவ்வளவு போதும். எண்ணிக்கை வேறு கணக்கு. 35 மிமீ ரோலில் 36 படம். 120 ரோலில் சதுரச் சட்டகமானால் 12தான். கெட்டிமேளம் எந்த நொடியில் முழங்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்பதாவது படத்தில் நிற்கும் ரோலை நல்ல படக்காரர் தயங்காமல் கழற்றிவிட்டுப் புது ரோல் போட்டுவிடுவார். மூன்று முடிச்சுக்காக மூன்று படங்களை விட்டுக்கொடுப்பது கணக்குத் தெரிந்தவரின் பெருந்தன்மை. ஹாசல்பிளாடு கேமரா வைத்திருப்பவர் பிலிம் ஏற்றிய இன்னொரு மேகசினைத் தயாராக வைத்திருந்து ஒரே அசைவில் மாற்றுவதைப் பார்ப்பது தனிச் சுகம்.

இனிப் பயணம். விமானத்தின் அடிவயிற்றுக்குப் போகும் பெட்டியில் பிலிமை வைக்கவே கூடாது. அந்தப் பெட்டிகள் மேல் பாயும் எக்ஸ்ரே கடுமையானது. கைப்பையிலும் முன்போல் நிம்மதி இல்லை. பழைய எக்ஸ்ரே இயந்திரங்களை 400 வேக பிலிம் ஓரிரு முறை தாங்கிவிடும். இப்போது பல விமான நிலையங்களில் வந்திருக்கும் சிடி ஸ்கேனரில் ஒரே முறை போனாலும் பிலிம் கெட்டுப்போகலாம். வேகம் கூடக் கூட ஆபத்தும் கூடும். பட்ட கதிர் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகும். ஈயப் பையை நம்பிப் பயனில்லை. உள்ளே என்ன என்று தெரியாத காவலர் மறுபடியும் சோதிக்கத்தான் செய்வார். அட்டைப் பெட்டிகளைப் பிரித்துவிட்டு, ரோல்களை உள்ளிருப்பது தெரியும் பையில் போட்டு, வரிசை நீளுமுன் போய், “சார், இது பிலிம். கையால் பார்த்துவிடுங்கள்” என்று பணிவாகக் கேட்பதே வழி. எல்லா ஊரிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் பணிவுக்குப் பலன் உண்டு. 120 ரோலின் உறையை மட்டும் படம் எடுக்கும் வேளை வரை பிரிக்கக் கூடாது. பினாங்குக் காற்றில் அவ்வளவு ஈரம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரோலும் உறைக்குள்ளேயே ஓரிரு மணி நேரம் இருந்து வெளிச்சூட்டுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பிலிம் வியர்க்கும்.

எடுத்து முடித்த ரோல்தான் விலைமதிக்க முடியாதது. புது ரோல் கெட்டால் வேறு வாங்கலாம், முகூர்த்தத்தை வாங்க முடியாது. கழுவிய நெகடிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. ஆகவே முடிந்தால் மலேசியாவிலேயே நல்ல லேபில் கழுவிக்கொண்டு விமானம் ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.

இத்தனை கவனமும் எதைக் காக்கிறது? நிழலை. நெகடிவில் நிழல் விழுந்த இடம்தான் மிக மெல்லியது. ஒளி போதாமையும், எக்ஸ்ரேயும், வெக்கையும் முதலில் அங்கேதான் கைவைக்கும். பிரிண்ட் போட்டால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகத் தெரியும். அடுத்த முறை பிலிமில் எடுத்த கல்யாண ஆல்பம் கையில் கிடைத்தால் பட்டையும் பொன்னையும் விட்டுவிடுங்கள்; அவை எந்தப் படத்திலும் மின்னும். மல்லிகைக்கு நடுவே மணப்பெண்ணின் கூந்தலைப் பாருங்கள். அது ஆழ்ந்த கறுப்பாக இருந்து, அந்தக் கறுப்புக்குள்ளும் பின்னலின் இழைகள் தெரிந்தால், படக்காரர் சரியான பிலிமைத் தேர்ந்து, பழுதில்லாமல் சுமந்து, போதிய ஒளி கொடுத்து எடுத்திருக்கிறார். அவரைத் தயங்காமல் பாராட்டலாம்.