ஒதுங்கிச் செல்லுதலும் திரும்பி வருதலும்: பெண்கள் தியான முகாம் குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

தமிழகத் திருச்சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்க நிகழ்ச்சிகளுள் வார இறுதித் தியான முகாம் நிலையானதோர் இடத்தைப் பெற்றுவிட்டது. 'ரிட்ரீட்' என்ற சொல்லே சபையாரிடையே பெரிதும் வழங்குகிறது. சனிக்கிழமை காலையில் கூடி, ஞாயிறு பிற்பகலில் கலைவது அதன் பொதுவான வடிவம். இம்முகாம்களைப் பற்றிச் சபைப் பத்திரிகைகளில் அறிக்கைகள் வெளிவருகின்றன. எத்தனை பேர் கூடினர், யார் தேவசெய்தி அளித்தார், யாருக்கு நன்றி உரித்தாகும் என்பவை அவற்றில் இடம்பெறுகின்றன. ஆனால் திறனாய்வு வெளிவருவது அரிது. அருளுரையை ஆராய்கிறோம், வழிபாட்டு முறைமையை ஆராய்கிறோம், கீர்த்தனைகளின் இறையியலையும் ஆராய்கிறோம். ஒரு முகாமின் நிகழ்ச்சி நிரலும் கடவுளைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் ஏதோ ஒன்றைக் கூறுகிறது என்பதை மட்டும் கருதத் தவறுகிறோம். அந்நிரலை ஓர் இறையியல் ஆவணமாக வாசிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மரபு நமக்கு விட்டுச்சென்றது

ஒதுங்கிச் செல்லும் ஒழுக்கம் திருச்சபையில் பழமையானது. வனாந்தரத் துறவியரிடமிருந்து தொடங்கிய அது, 16ஆம் நூற்றாண்டில் இக்னேசியு லொயோலாவின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' வாயிலாக வரையறுத்த வடிவம் பெற்றது. ஏறத்தாழ முப்பது நாள்களுக்கு வகுக்கப்பட்ட அப்பயிற்சிகள் 1548இல் போப்பாண்டவரின் ஒப்புதலைப் பெற்றன. ஈண்டு ஒரு செய்தி நினைவுகூரத்தக்கது. அவ்வொப்புதலுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1526-27இல், ஸ்பெயின் நாட்டு அல்கலா நகரில் இக்னேசியு தம் பயிற்சிகளைப் பலருக்கும் அளித்துவந்தார். அவரிடம் வந்தோருள் பெண்கள் பலர் இருந்தனர். அதன் பொருட்டு விசாரிக்கப்பட்டு, சிறையிலும் அடைக்கப்பட்டார். பெண்கள் ஒதுங்கி அமர்ந்து தம் உள்ளத்தைத் தாமே ஆராயத் தொடங்குவது அதிகாரத்தில் உள்ளோருக்கு எளிய செய்தியாக அன்று தோன்றவில்லை. இன்றைய முகாம்கள் எவரையும் கலங்கச் செய்வதில்லை. அது நம் காலத்தின் பெருந்தன்மையாலா, முகாம்களின் உள்ளடக்கத்தாலா என்பது சிந்திக்கற்பாலது.

சீர்திருத்தச் சபைகளில் இவ்வொழுக்கம் இரு வழிகளாக வந்தடைந்தது. ஒன்று, 1875இல் இங்கிலாந்தின் கெசிக் நகரில் தொடங்கிய கூட்டங்களின் வழி. மற்றொன்று, இந்திய மண்ணில் எழுந்த ஆசிரம வழி. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமமும், 1930இல் குமாவோன் மலைப்பகுதியில் ஸ்டான்லி ஜோன்ஸ் நிறுவிய சாத் தால் ஆசிரமமும் தோன்றின. முதல் வழியில் பேச்சாளரின் செய்தியே நடுநாயகம். இரண்டாம் வழியில் சேர்ந்து வாழ்தலே நடுநாயகம். சாத் தாலில் கூடியோர், தாங்கள் எத்தேவையோடு வந்தனர் என்பதை முதற்கண் மனந்திறந்து கூறுவர். உடலுழைப்பும் அன்றாட ஒழுங்கின் பகுதியாயிருந்தது. வேலையாள்களுக்கு ஓய்வளித்து, துப்புரவுப் பணி உட்பட அவர்தம் வேலையை ஆசிரமத்தாரே மேற்கொண்டனர். நம் பெண்கள் முகாம்கள் ஆசிரமத்தின் பெயரையும் அமைதியையும் விரும்புகின்றன. ஆனால் அமைப்பில் கூட்டத்தின் வழியையே பின்பற்றுகின்றன. இரு நாள்களில் ஐந்தாறு செய்திகள், இடையிடையே பாடல்கள், உணவு, உறக்கம் என்று நிரல் நிரம்பிவிடுகிறது. ஒதுங்கி வந்தவள் தனித்திருக்க நேரமேது?

2. மார்த்தாளும் சமையற்கூடமும்

பெண்கள் முகாம்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் திருமறைப் பகுதி லூக்கா 10:38-42 ஆகும். மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள். மார்த்தாள் பற்பல வேலைகளால் வருத்தமுற்றாள். ஆகவே சகோதரிகள் மரியாளைப் போலிருக்க வேண்டும் என்பதே வழக்கமான விளக்கம். இவ்விளக்கம் நிகழும் அதே வேளையில், மண்டபத்தின் பின்புறம் சில பெண்கள் மதிய உணவுக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பர். அவர்கள் சபையைச் சார்ந்தவராகவும் இருக்கலாம், கூலிக்கு அமர்த்தப்பட்டவராகவும் இருக்கலாம். அவர்களுக்கு இச்செய்தி எட்டுவதில்லை. அவர்களின்றிச் செய்தியும் நடைபெறாது.

பாதத்தருகே அமர்தல் என்பது மாணாக்கரின் நிலையைக் குறிக்கும் வழக்கு, கமாலியேலின் பாதத்தருகே தாம் பயின்றதைப் பவுல் அவ்வாறே குறிப்பிடுகிறார் (அப். 22:3). எனவே லூக்கா காட்டும் மரியாள் அடக்கத்தின் உருவம் மட்டுமல்லள். இறையியல் பயிலும் மாணவி. இயேசு அவளுக்கு அளித்தது கல்வி பெறும் உரிமை. அவ்வாறாயின் இப்பகுதியை விளக்கும் முகாம், பெண்களுக்குத் திருமறையை ஆராயும் பயிற்சியை அளித்தல் வேண்டும். அதற்கு மாறாக, அமைதியாயிருக்கும் பயிற்சியையே அது பெரும்பாலும் அளிக்கிறது. மார்த்தாளுக்கும் நாம் நீதி செய்வதில்லை. யோவான் 11:27இல் அவள் செய்யும் விசுவாச அறிக்கை, மத்தேயு 16:16இல் பேதுரு செய்யும் அறிக்கைக்கு நிகரானது. பேதுருவின் அறிக்கையின் மேல் திருச்சபையியலையே கட்டியெழுப்பிய நாம், மார்த்தாளை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டோம்.

ஓய்வுநாள் கட்டளையிலும் இதே வினா எழுகிறது. யாத்திராகமம் 20:10 மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகசீவன், அந்நியன் என்று ஓய்வுக்குரியோரை வரிசைப்படுத்துகிறது. மனைவி அவ்வரிசையில் இல்லை. 'நீ' என்னும் முன்னிலையில் அவளும் அடங்குவாள் என்பர் சிலர். அவளது வீட்டு வேலை வேலையாகவே எண்ணப்படவில்லை என்பர் வேறு சிலர். விளக்கம் எதுவாயினும், நம் இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வுநாள் என்பதில் ஐயமில்லை. இப்பின்னணியில் நோக்கின், முகாமின் ஒரு நன்மையை மனமுவந்து ஏற்றாக வேண்டும். பிறர் பரிமாற அமர்ந்துண்ணும் இரண்டு நாள்கள் பல பெண்களுக்கு ஆண்டில் வேறெங்கும் கிடைப்பதில்லை. இதனைச் சிற்றின்பம் என்று இகழ்வோர், மாற்கு 6:31இல் உண்ணவும் நேரமில்லாத சீடரைப் பார்த்து ஆண்டவர் இளைப்பாற அழைத்ததை மறந்தவராவர்.

3. சாட்சியின் இலக்கணம்

முகாமின் உயிர்நாடி சாட்சி நேரம் என்பர். நம் சாட்சிகளுக்கு எழுதப்படாத ஓர் இலக்கணம் உண்டு. துன்பம் இறந்த காலத்தில் இருத்தல் வேண்டும். விடுதலை நிகழ்காலத்தில் இருத்தல் வேண்டும். கணவர் குடித்தார், செபித்தேன், இப்பொழுது திருந்திவிட்டார் என்று கூறலாம். கணவர் குடிக்கிறார், செபிக்கிறேன், நேற்றும் அடித்தார் என்று கூற அவ்விலக்கணத்தில் இடமில்லை. அங்ஙனம் கூறுபவளின் விசுவாசம் குறைவுடையது என்று கருதப்படும். அல்லது குடும்பத்தின் மானத்தைச் சபையில் போட்டுடைத்தவள் என்று பேசப்படும். எனவே எவளுக்கு முகாம் மிகவும் தேவையோ, அவளே அங்கு மௌனமாக அமர்ந்திருக்கிறாள். தியானத்தின் மௌனமும் அச்சத்தின் மௌனமும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. முகாமை நடத்துவோர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

திருமறையோ இவ்விலக்கணத்திற்குக் கட்டுப்பட்டதன்று. சங்கீதம் 88 இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. விடுதலையின் ஒளி அதன் இறுதியடியிலும் இல்லை. ஆயினும் அது திருமறையில் உள்ளது, செபமாகவே உள்ளது. முடிவு பெறாத துன்பத்தையும் கடவுள் முன் உரைக்கலாம் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

4. இஸ்ரவேல் குமாரத்திகளின் நான்கு நாள்கள்

பெண்கள் முகாம்களுக்குத் திருமறையில் முன்மாதிரி தேடுவோர் நீதிமொழிகள் 31க்கோ தீத்து 2க்கோ செல்வது வழக்கம். நியாயாதிபதிகள் 11:37-40க்கு எவரும் செல்வதில்லை. தந்தை யெப்தாவின் பொருத்தனையால் உயிரிழக்க வேண்டிய மகள், இரண்டு மாத தவணை கேட்டுத் தன் தோழியரோடு மலைகளுக்குச் செல்கிறாள். அவள் இறந்த பின், இஸ்ரவேலின் குமாரத்திகள் ஆண்டுதோறும் நான்கு நாள் கூடி அவளுக்காகப் புலம்புவது வழக்கமாயிற்று. பெண்கள் மட்டும் ஆண்டுதோறும் ஒதுங்கிக் கூடியதாகத் திருமறை வெளிப்படையாகக் கூறும் நிகழ்ச்சி இது.

இங்கு வரும் எபிரேய வினைச்சொல் எடுத்துரைத்தல் என்றும் பொருள்படும். தெபோராளின் பாட்டிலும் (5:11) கர்த்தரின் நீதிச் செயல்களை எடுத்துரைப்பதற்கு அச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஆகவே அப்பெண்கள் அழுததோடு நில்லாமல், நிகழ்ந்ததைச் சொல்லி நினைவில் நிறுத்தினர் எனக் கொள்ள இடமுண்டு. தந்தையின் செயலை அவ்வதிகாரம் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. அம்மகளின் பெயரும் அதில் இல்லை. அவள் மறக்கப்படாமல் காத்தது பெண்களின் அந்த நான்கு நாள் கூட்டமே. ஃபிலிஸ் டிரிபிள் 1984இல் வெளியிட்ட நூலில் இப்பகுதியைத் திருமறையின் கொடுந்துயர்ப் பகுதிகளுள் ஒன்றாக ஆராய்ந்த பின்னர், இறையியல் கல்லூரிகளில் இது பேசப்படுகிறது. பெண்கள் முகாம்களுக்கு அது இன்னும் வந்துசேரவில்லை.

தமிழ்ப் பெண்ணுக்கு இது அந்நியமானதன்று. ஒப்பாரி நம் பெண்களின் கைவந்த கலை. இறந்தவரைப் பாடும் சாக்கில் தன் பிறந்தகத்தையும் புகுந்தகத்தையும் வழக்காடும் சுதந்தரத்தை அது பெண்ணுக்கு அளித்தது. உயிர்த்தெழுதலின் நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று கருதி நாம் அதனை விலக்கினோம். விலக்கியதன் வாயிலாக அவள் முறையிடும் மொழியையும் பறித்துவிட்டோம் என்பதை உணர்ந்தோமா?

5. எழக்கூடிய மறுப்பு

தியான முகாம் செபத்திற்குரியது. குடும்பச் சிக்கல்களையும் சட்டங்களையும் அங்குப் பேசுதல் அதன் தூய்மையைக் கெடுக்கும் என்று சிலர் கூறக்கூடும். இம்மறுப்பைப் புறக்கணித்தல் தகாது. எல்லாக் கூட்டங்களையும் கருத்தரங்குகளாக்கிவிட்டால் செபிக்க இடமின்றிப் போகும். ஆனால் செபம் எத்தகையது என்பதை அன்னாளிடம் கற்போம். ஆண்டுதோறும் சீலோவுக்குச் சென்றவள் அவள். அவள் செபத்தை ஆசாரியனாகிய ஏலி மதுவெறி என்று எண்ணினான். அவள் பணிவோடு மறுத்துரைத்தாள்; அவனும் தன் கணிப்பை விட்டு அவளை வாழ்த்தினான். அவளது இல்லத்துத் துயரம் 1 சாமுவேல் 2இல் வலியோரின் வில்லை முறிக்கும் கடவுளைப் பாடும் பாடலாக வளர்ந்து, லூக்கா 1இல் மரியாளின் பாடலில் எதிரொலிக்கிறது. வீட்டின் வேதனை கடவுளின் நீதியோடு இணைந்த இடமே அன்னாளின் செபம். பெண்ணின் கண்ணீரைத் தவறாகக் கணித்த ஏலியின் நிலை ஆயர்களாகிய நமக்கும் எச்சரிக்கையாகும்.

மேலும், அறியாமை பக்தியன்று. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. 1869ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமை, கைவிடுதல் போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. அவ்வேறுபாடு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டநூலிலிருந்து நீங்கியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறியது. இவற்றை ஒரு மணி நேரம் விளக்குவதால் முகாமின் தூய்மை கெடாது. அடிபடும் பெண்ணிடம் பொறுமையை மட்டும் போதித்து, ஞாயிறு மாலை அதே வீட்டிற்கு அவளை அனுப்பிவைப்பதே அதனைக் கெடுக்கும்.

6. செய்யற்பாலன

முதலாவது, யார் வர இயலும் என்பதைக் கருதுதல் வேண்டும். சனிக்கிழமை, ஆசிரியைக்கு விடுமுறை. வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்பவளுக்குக் கூலி நாள். முகாம் கட்டணத்தோடு இழந்த கூலியும் சேர்ந்தால், கிராமச் சபைப் பெண்ணுக்கு அது இரட்டைச் செலவு. அவளுக்கேற்ற காலத்திலும் இடத்திலும் முகாம் அமைத்தல் நகரச் சபைகளின் கடமை.

இரண்டாவது, செய்திகளைக் குறைத்து, தனித்திருக்கும் நேரத்தையும் சிறு குழுக்களில் திருமறை ஆராயும் நேரத்தையும் பெருக்குதல் வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் ஒரு பெண் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பின்னரும், பெண்கள் முகாமுக்குச் செய்தியாளராக ஆண் போதகரையே தேடிச் செல்வது வியப்புக்குரியது.

மூன்றாவது, புலம்பலுக்கு வழிபாட்டில் முறையான இடம் அளித்தல் வேண்டும். அங்குப் பேசப்படுபவை வெளியே செல்லாவண்ணம் காக்கும் உறுதிமொழியும், முகாமுக்குப் பின் அப்பெண்ணோடு தொடர்ந்து நடக்கும் இருவர் மூவரும் தேவை.

நான்காவது, அவ்விரு நாள்களும் சபையின் ஆண்கள் சமையலையும் பரிமாறுதலையும் குழந்தைகளைக் காத்தலையும் மேற்கொள்வார்களாக. சாத் தால் நமக்குக் கற்பித்தது இதுவே. இது ஆண்களுக்கும் ஓர் ஆன்மிகப் பயிற்சியாகும். நூறு அருளுரைகள் செய்யாததை ஒரு வேளை பாத்திரம் துலக்குதல் செய்யக்கூடும்.

மாற்கு 6இல் இளைப்பாற அழைத்த ஆண்டவர், கரை சேர்ந்ததும் திரளான மக்களைக் கண்டு மனதுருகினார். ஒதுக்கம் அங்கு நின்றுவிடவில்லை. நம் பெண்கள் முகாமின் வெற்றியையும் சனிக்கிழமை இரவின் கண்ணீரைக் கொண்டு அளத்தல் ஆகாது. திங்கட்கிழமை காலையில் அவள் எவ்வீட்டில், எத்துணையோடு, எத்தகைய சொல்லுரிமையோடு எழுகிறாள் என்பதே உண்மையான அளவுகோல். அவ்வளவுகோலைக் கையில் எடுக்கும் பொறுப்பு, முகாம் நடத்தும் சகோதரிகளோடு ஆயர்களாகிய நமக்கும், நாளை ஆயராகப்போகும் மாணவருக்கும் உரியது.